சம்ரான் லாட்ஜில் ஒரு கைவலை

சோபாவுக்கு அடியில் கைவலையை நுழைத்து வேகமாக ஒரு இழுப்பு இழுத்தேன். வந்தது ஒரு ஒற்றைச் செருப்பு. அதை உதறிவிட்டு, அடுத்து கவுண்டருக்கு அடியில் வலையை விட்டேன்.

"பிம்பா! வாடி தங்கம்! இங்க இருந்தது போதும். அக்கா வந்திருக்கேன், வீட்டுக்குப் போவோம் வா!"

அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். எனக்குப் பின்னால் பெரியம்மா புவா, கூடையை மார்போடு அணைத்தபடி, ராகம் போட்டு இழுத்தாள்.

"வாடியம்மா வா... படிக்கட்டுல நிக்காத, வா... கதவு மூலையில ஒளியாத, வா... இருட்டு ரூமுக்குள்ள கிடக்காத, வா..."

சம்ரான் லாட்ஜின் முன்கூடம் அப்படியே உறைந்து நின்றது.

அறையைக் காலி செய்கிறவர்களும் புதிதாக வருகிறவர்களும் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளும் நேரம் அது. பிட்சனுலோக்கில் யாரும் ஆசைப்பட்டுத் தங்குவதில்லை. ரயில் மாற வேண்டும், பஸ் மாற வேண்டும், அதற்கு நடுவில் முதுகைச் சாய்க்க ஒரு கட்டில் வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கென்று பார்த்து, பெரிய கோயில் புத்தரைக் கும்பிட பாங்காக்கிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்திறங்கியிருந்தது. எல்லாரும் ஒரே மஞ்சள் பனியன். சாவிக்காகக் கவுண்டரை மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தின் தலைவி, சுருட்டை முடியோடு பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"ஏங்க, யாரைக் கூப்பிடறீங்க?"

"என் தங்கச்சியத்தான்க்கா."

"எங்க இருக்கா?"

"இங்கதான். இந்த லாட்ஜுக்குள்ளதான் எங்கயோ இருக்கா. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

அந்த அம்மாள் கையிலிருந்த சாவி தரையில் விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவனும் எடுக்கவில்லை. மாறாக, செல்போனை எடுத்தான்.

உள்ளேயிருந்து முதலாளி ஓடிவந்தான். ஹியா சுங். 'ஹியா' என்றால் சீன வம்சத்து அண்ணன்களுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை. அவனுக்கு அந்த மரியாதை மனசிலிருந்து வராவிட்டாலும் பழக்கத்தில் நாக்குக்கு வந்துவிடுகிறது. ஒரு கையில் நூடுல்ஸ் கிண்ணம், கழுத்தில் கொத்துக் கொத்தாகத் தாயத்துகள்.

"என்னம்மா கூத்து இது? மீன் பிடிக்கணும்னா ஆத்துக்குப் போ! ரூம் எடுத்தா ரூம்ல இரு!"

மூக்கையும் வாயையும் மறைத்திருந்த முகமூடியை இறக்கினேன்.

"மீன் பிடிக்க வரல, ஹியா. பிம்பாவக் கூட்டிட்டுப் போக வந்தேன். நான் அவ அக்கா புன்மா."

அவன் கண்கள் தாமாகவே கவுண்டருக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போயின. கூட்டத்தின் கண்களும் கூடவே போயின. அங்கே என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். கீழே சிவப்பு எழுத்தில்: 'திருடி. ஜாக்கிரதை.'

பிம்பா மலைக்கு மேலே தான்சாயிலிருந்து இந்த லாட்ஜுக்கு வேலைக்கு வந்தவள். அறை கூட்டுவாள், படுக்கை விரிப்பாள், மூச்சு விடாமல் பேசுவாள். போன வெயில் காலத்தில், தங்கிவிட்டுப் போன ஒரு பெண்மணியின் தங்கச் சங்கிலி காணாமல் போனது. அந்த அறையைக் கூட்டியது பிம்பா. அத்தோடு விசாரணை முடிந்துவிட்டது. மூன்றாம் மாடியில் அழுக்குத் துணி போட்டு வைக்கிற, ஜன்னல் இல்லாத அறைக்குள் அவளைத் தள்ளி வெளியே பூட்டினான் ஹியா சுங்.

"எங்க வச்சேன்னு சொல்லு, திறக்கிறேன்."

சொல்வதற்கு அவளிடம் என்ன இருந்தது? காலையில் பூட்டியவன் பொழுது சாய்ந்த பிறகுதான் திறந்தான். மறுநாள் அவள் படம் இந்தச் சுவரில் ஏறியது. பஸ் நிலையத்தில் ஏறியது. முகநூலில் ஏறியது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்வரை பார்த்துவிட்டார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வராது. அம்மா அடுப்பு மூட்டுவதை விட்டாள். அக்கம்பக்கத்தார் வாசல்வரை வந்து, எட்டிப் பார்த்து, பேசாமல் திரும்பிப் போனார்கள். பெரியம்மா புவா மட்டும்தான் உள்ளே வந்தாள். இப்படி அழைத்துவருகிற வேலைக்கு எங்கள் பக்கத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

"வீட்ல உட்கார்ந்து கூப்பிட்டா எப்படிடி வருவா? தொலைச்ச இடத்துக்குப் போய்க் கூப்பிடணும். கிளம்பு."

அப்போதே நாங்கள் ஒருமுறை இங்கே வந்தோம். கூடையோடு, கைகூப்பி, வாசலில் நின்று, ஐந்து நிமிடம் உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினோம். ஹியாவின் மனைவி ஜே லீ ('ஜே' என்றால் சீன வம்சத்து அக்கா), தரை துடைத்த வாளித் தண்ணீரை எங்கள்மேல் வீசினாள்.

"திருட்டுக் கும்பலுக்கு இங்க என்னடி வேலை? இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு பாக்க வந்தீங்களா?"

கூடையில் இருந்த அரிசி நனைந்துபோனது. பெரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "சாமிக்கு வச்ச அரிசியில அழுக்குத் தண்ணி ஊத்திட்டா. இனிமே கெஞ்சக் கூடாது."

ஆகவே இந்த முறை விருந்தாளியாக வந்தேன். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டினேன். முகமூடி போட்டேன். அட்டையில் என் புருஷன் குடும்பப் பெயர். ஜே லீ என் அட்டையை மட்டும் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. மின்விசிறி போட்ட அறை, இரண்டாம் மாடி. எல்லாரும் செய்வதுபோல, காலியான அறைக் கதவைத் தட்டி, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கிறவர்கள் மன்னிக்கணும், ஒரு நாள் தங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நுழைந்தேன். கட்டில், கறை படிந்த கண்ணாடி, நாற்றமடிக்கும் டூரியன் பழம் கொண்டுவராதே என்று ஒரு படம், நகத்தளவு சோப்பு. தலையணையை என் தங்கை தட்டிப் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

என் திட்டம் சின்னது. விடிந்ததும், ஆள் நடமாட்டம் வருமுன், பெரியம்மாவை வரவழைத்து, மூன்றாம் மாடிக்கு நழுவிப் போய் ரகசியமாக வலை வீசிவிட்டுக் கிளம்பிவிடுவது.

துண்டு கொண்டுவந்த வேலைக்காரப் பெண்தான் அதை மாற்றினாள். ஜூப் என்று பெயர். பேச ஆள் கிடைக்காமல் வாய் அரித்துக்கொண்டிருந்த பெண்.

"கீழ சுவத்துல ஒரு படம் இருக்கே, அது யாரும்மா?" என்று கேட்டேன்.

"அதுவாக்கா? எனக்கு முன்னாடி இருந்தவ. பாவம்க்கா அவ." குரலை இறக்கினாள். "சங்கிலி கிடைச்சாச்சு தெரியுமா?"

என் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கிடைச்சாச்சா?"

"தண்ணித் திருவிழா முடிஞ்ச கையோட வாஷிங் மெஷின் குழாய் அடைச்சிக்கிச்சு. ஆளக் கூப்பிட்டுக் கழட்டினா, உள்ள பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கு! போர்வையோட போயிருக்கு. அந்தம்மாவுக்கு பார்சல்ல அனுப்பிட்டாங்க. எங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு ஜே சொல்லியிருக்காங்க." கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "நீங்க வெளியூர்தானே, பரவால்ல."

"அப்புறம் ஏன் படத்த எடுக்கல?"

"எடுத்தா ஏன் எடுத்தேன்னு நாலு பேர் கேப்பாங்கல்ல? ஹியாவுக்கு முகம் போயிடும்க்கா!"

முகம். எங்கள் நாட்டில் கை போனாலும் கால் போனாலும் பொறுத்துக்கொள்வார்கள். முகம் போகக் கூடாது. அவன் முகம் போகக் கூடாது என்பதற்காக என் தங்கை முகம் சுவரில் தொங்குகிறது.

ஜூப் போன பிறகு பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"காலைல வராதீங்க. கூட்டம் சேர்ற நேரத்துக்கு வாங்க. நாலு பேர் பாக்கணும்."

"எதுக்குடி?"

"பிம்பா வரணும். அது முதல்ல. அந்தப் படத்த அவன் கையாலயே கிழிக்கணும். அவ திருடலன்னு அவன் வாயாலயே சொல்லணும். அதுவரைக்கும் நான் வலைய இறக்க மாட்டேன்."

மறுமுனையில் வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது.

"சரி. அப்போ எனக்குத் தொண்டைக்கு இஞ்சி வேணும்," என்றாள் பெரியம்மா.

இஞ்சி வேலை செய்தது. இதோ, முன்கூடத்தில் அவள் குரல் கண்ணாடிக் கதவை அதிர வைத்துக்கொண்டிருந்தது. "வாடியம்மா வா... பூட்டின கதவுக்குப் பின்னால அழுதது போதும், வா..."

ஹியா சுங் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கவுண்டர்மேல் வைத்தான். கூடைக்குள் மடித்து வைத்திருந்த இளநீலச் சட்டையை அவன் பார்த்துவிட்டான். அவன் லாட்ஜ் சீருடை. அதன்மேல் பிம்பாவின் சீப்பு.

"எப்போ..." குரல் உடைந்தது. "எப்போம்மா ஆச்சு?"

குடை வைக்கிற மூலையில் வலையை ஓட்டினேன்.

மஞ்சள் பனியன் கூட்டத்துக்கு அந்தக் கேள்வியே போதும். "கடவுளே, இந்த லாட்ஜ்லயா?" என்றது ஒரு குரல். "எந்த ரூம்னு கேளு, எந்த ரூம்னு கேளு," என்றது இன்னொரு குரல். செல்போனைப் பிடித்திருந்தவன் முகநூலில் நேரலையே தொடங்கிவிட்டான். "மக்களே, பிட்சனுலோக் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு லாட்ஜ். இங்க ஒரு பொண்ணோட ஆவிய வலை போட்டுத் தேடிட்டிருக்காங்க..."

"நிறுத்துடா அதை!" ஜே லீ உள்ளேயிருந்து பாய்ந்தாள். "யாரும் பயப்படாதீங்க, இவங்க திருட்டுக் கூட்டம், காசு பறிக்க வந்திருக்காங்க! போலீசக் கூப்பிட்டாச்சு!"

கறுப்புக் கண்ணாடி அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்மா, அந்தப் பொண்ணு உங்க கிட்டதானே வேலை பார்த்துச்சு? சட்டையில உங்க லாட்ஜ் பேர்தானே இருக்கு? அதைச் சொல்லு முதல்ல."

போலீஸ் வந்தது. போலீஸ் என்றால் ஒரே ஓர் ஏட்டு, மோட்டார் சைக்கிளில். தொந்தியும் தூக்கக் கலக்கமுமாக வந்தவர், வாசலில் செருப்பு மலையைத் தாண்டி, கூட்டத்தை விலக்கி, எங்கள் கூடைக்கு முன்னால் நின்றார். உள்ளே குனிந்து பார்த்தார். சட்டை. சீப்பு. வாழைப்பழம். ஒட்டரிசி உருண்டை. அவித்த முட்டை ஒன்று. வெள்ளை நூல்கண்டு.

முட்டையைப் பார்த்ததும் அவருடைய தூக்கம் கலைந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"தான்சாய்."

"நான் நக்கோன்தாய். மலைக்கு இந்தப் பக்கம்." மீசைக்குக் கீழே ஏதோ ஒன்று அசைந்தது, சிரிப்பாகவும் இருக்கலாம். பெரியம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு ஹியாவின் பக்கம் திரும்பினார்.

"ஹியா, என்ன புகார்?"

"என்ன புகாரா? என் லாட்ஜுக்குள்ள பேயக் கூப்பிடறாங்க! வெளிய தள்ளுங்க!"

"நானா? வலை கையில இருக்கிறவங்கள நான் தொடமாட்டேன். பாதியில நிறுத்தினா அந்தப் பாவம் யாரு தலையில விழும்? என் பொண்டாட்டி கேள்விப்பட்டா என்ன வீட்டுக்குள்ள விடமாட்டா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தவிர, ரூம் எடுத்துத் தங்கின விருந்தாளி கட்டில் அடியில துழாவினா அதுக்கு எந்தச் சட்டப் பிரிவு? நீங்க முடிங்கம்மா. நான் டீ குடிக்கிறேன்."

"உங்களுக்குப் போய் போன் பண்ணேன் பாருங்க!" என்று கத்தினாள் ஜே லீ.

"சக்கர கம்மியா," என்றார் ஏட்டு.

நான் படிக்கட்டு ஏறினேன். பின்னால் பெரியம்மா. அவளுக்குப் பின்னால் ஹியா, ஜே லீ, செல்போன்காரன், கறுப்புக் கண்ணாடி அம்மாள், பாதிக் கூட்டம். மீதிப் பாதி தெருவில் நின்று, தங்கள் பெட்டிகளை மறுபடியும் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படியிலும் வலையை ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பெயரைச் சொன்னேன். திறந்திருந்த அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பெயரைக் கேட்டதும் உள்ளே போய்ப் பையைக் கட்டின.

மூன்றாம் மாடி. நடைபாதைக் கடைசியில் அந்தக் கதவு. கதவில் ஒரு தொங்குபூட்டு.

"திறங்க, ஹியா."

அவன் சாவிக் கொத்தை எடுத்தான். சாவியைப் பூட்டில் நுழைக்க முடியவில்லை. கை அவ்வளவு நடுங்கியது. எனக்குள் இனிப்பாக ஏதோ ஒன்று இறங்கியது. சொன்னால் என்ன? அந்த நடுக்கத்தைப் பார்க்கத்தான் தலைமுடியை வெட்டினேன்.

"பூட்டத் தெரிஞ்ச கைக்குத் திறக்கத் தெரியலையா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"நான்... அவ சொன்னா திறந்திருப்பேன்..."

"என்னத்த சொல்லணும் அவ?" கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதுபோலவே, கதவைப் பார்த்தபடி நான் பேசினேன். "சங்கிலி எங்கன்னா? அதான் இப்போ உங்களுக்கே தெரியுமே. நீங்களே சொல்லுங்க. அவளுக்குக் கேக்கட்டும்."

ஜே லீ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாயத் திறக்காதீங்க. போன்ல புடிக்கிறாங்க."

அப்போது உள்ளே ஏதோ சரிந்தது. துணி மூட்டைதான், எத்தனை நாளாக அடுக்கி வைத்ததோ. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் மஞ்சள் பனியன்கள் இரண்டு படி பின்வாங்கின, ஹியா சுங் இருந்த இடத்திலேயே மண்டியிட்டான். இரண்டு கையும் நெற்றிக்கு மேலே போயின. தாயத்துகள் தரையில் கிணுகிணுத்தன.

"வாஷிங் மெஷின்ல இருந்தது!" என்று கதறினான். கதவைப் பார்த்து. "நீ எடுக்கல பிம்பா! போர்வையில சிக்கி மெஷினுக்குள்ள போயிருந்தது! நீ எடுக்கல! நான்தான் பூட்டினேன், நான்தான் படம் போட்டேன். கிடைச்ச பிறகும் எடுக்கல. முகம் போயிடும்னு எடுக்கல. ஹியாவ மன்னிச்சிடும்மா. நீ திருடி இல்ல. நீ திருடி இல்ல!"

செல்போன்காரன் போனை இன்னும் கிட்டே நீட்டினான். கறுப்புக் கண்ணாடி அம்மாள் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி, ஜே லீயைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜே லீ சுருங்கிப்போனாள். முகம் போவதென்றால் என்னவென்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அது மெதுவாகப் போகிறது. காதிலிருந்து தொடங்கி வெளுக்கிறது.

"இப்போ திறங்க," என்றேன்.

திறந்தான். அழுக்குப் போர்வை நாற்றமும் புழுக்கமும் முகத்தில் அடித்தன. விளக்கு இல்லை. கதவின் உட்பக்கம், கைக்கெட்டும் உயரத்தில், பெயிண்ட் உரிந்து நீளநீளமாகக் கோடுகள் இருந்தன. நகக் கோடுகள். அவற்றின்மேல் விரலை வைத்தபடி, கூப்பிட மறந்து நின்றுவிட்டேன். பெரியம்மாதான் என் முதுகில் ஒரு அடி போட்டாள்.

"அப்புறம் அழு. இப்போ வீசு."

வீசினேன். மூலை மூலையாக, மூட்டை மூட்டையாக. "பிம்பா, வா. பூட்டு திறந்தாச்சு. அம்மா சோறு வைக்கல, நீ வந்தாத்தான் வைப்பா. வாடி." ஒருமுறை. இன்னொருமுறை. கதவுக்குப் பின்னால் இருந்த மூலையிலிருந்து இழுத்தபோது வலை கனத்தது. காற்றை அள்ளுகிற வலை ஏன் கனக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். கனத்தது, அவ்வளவுதான். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தாள். கண் இமைக்கிற நேரத்தில் வலையின் வாயை நீலச் சட்டையால் மூடி, வெள்ளை நூலால் சுற்றிக் கூடைக்குள் வைத்தாள்.

கீழே இறங்கினோம். சுவரில் இருந்த படத்தை ஹியா தன் கையாலேயே எடுத்தான். பசை நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான் உதவவில்லை. நின்று பார்த்தேன். ஏட்டும் டீயை உறிஞ்சியபடி பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு இருக்கு, ஹியா. அதையும் நீங்கதான்," என்றார்.

"எடுக்கிறேன், எடுக்கிறேன்."

முன்கூடம் காலியாகியிருந்தது. மஞ்சள் பனியன்கள் வேனில் ஏறிவிட்டார்கள். கவுண்டர்மேல் சாவிகள் மட்டும் கிடந்தன, வாங்க ஆளில்லாமல். செல்போன்காரன் வாசலில் நின்று கடைசியாக ஒரு சுற்றுக் காட்டிக்கொண்டிருந்தான். நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜே லீ என் எதிரில் வந்து நின்றாள். வாளித் தண்ணீர் வீசின அதே கைகள், இப்போது கூப்பியிருந்தன.

"தங்கச்சி, ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பையன் போன்ல சொல்லிடு. வந்துட்டா, கூட்டிட்டுப் போறேன், இனிமே இந்த லாட்ஜ்ல யாரும் இல்லன்னு. உனக்குப் புண்ணியமாப் போகும். நீ சொல்லலன்னா எங்க வாசல்ல இனிமே நாய்கூடப் படுக்காது."

செல்போன் என் பக்கம் திரும்பியது. "அக்கா, வந்துட்டாங்களா? சொல்லுங்க."

ஹியா சுங் கிழித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தான். ஒரு வார்த்தை. என் தங்கைக்கும் அன்று ஒரே ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது, அவனிடமிருந்து. காலை முழுக்க, மதியம் முழுக்க, கதவைச் சுரண்டிச் சுரண்டிக் கேட்டாள்.

முகமூடியை ஏற்றிப் போட்டுக்கொண்டேன். கூடையைப் பெரியம்மாவிடமிருந்து வாங்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ஜே லீ கூப்பிட்டாள், பிறகு கெஞ்சினாள், பிறகு திட்டினாள், மறுபடியும் கெஞ்சினாள்.

மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது பெரியம்மா வெற்றிலையை மடித்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"லாட்ஜ மூடிடுவான் அவன்."

"மூடட்டும்."

அவள் என்னைப் பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு, அரிசி நனைந்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். வாயிலிருந்த வெற்றிலைச் சாறு அவள் சட்டையெல்லாம் தெறித்தது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார். நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு பாலம் வரும்போதும் கூடையைத் தொட்டு, "பாலம் வருது, கெட்டியாப் பிடிச்சுக்கோ, கூடவே வா," என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். கூடையைப் பார்த்தாள், வழிவிட்டாள். உள்ளறையில் இருட்டு. ஜன்னலைத் திறந்தேன். கூடையைத் தரையில் இறக்கி, நூலைப் பிரித்து, நீலச் சட்டையை எடுத்துப் பாயின்மேல் போர்த்தினேன்.

செத்தவர்களைக் கூப்பிட எங்கள் பக்கத்தில் பிக்கு வருவார், ஒற்றை ஊதுவத்தி ஏற்றுவார். வலைக்கும் முட்டைக்கும் அங்கே வேலையில்லை. வலை என்பது, பயந்து உடம்பை விட்டு ஓடிப்போன உள்ளுயிரை அள்ளிக்கொண்டு வருவதற்கு. சீனத் தெருவில் பிறந்த ஹியா சுங்குக்கு அது தெரியாது, பாங்காக் கூட்டத்துக்கும் தெரியாது. ஏட்டுக்குத் தெரிந்தது.

பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்து, வெள்ளை நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். துணி அறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து ஒரு சொல் பேசாதவள், மெதுவாக என் பக்கம் புரண்டாள்.

"அந்தாளு அழுதானாக்கா?" என்று கேட்டாள் பிம்பா.